ஆர்ல் அரங்கத்துக்குள் இருந்த ஊரும் அதை இடித்த முடிவும்

தெற்கு பிரான்சில், ரோன் ஆறு கடலுக்குப் போகும் வழியில் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆர்ல். அந்த ஊரின் ரோமானிய ஆம்ஃபிதியேட்டர் (கிளாடியேட்டர் சண்டைகளுக்கான நீள்வட்ட அரங்கம்), கட்டி 1,900 வருடங்களுக்கு மேல் ஆகியும், இன்றைக்கும் டிக்கெட் விற்று ஆள் நிரப்புகிற கட்டடம். இரண்டு அடுக்கு வளைவுகள், சுற்றிலும் படி இருக்கைகள், நடுவில் மணல் களம். பார்க்கிற யாருக்கும் ரோமானியர் காலத்திலிருந்து அப்படியே வந்து சேர்ந்தது போலத்தான் தோன்றும்.

1820களின் தொடக்கத்தில் இதன் முன்னால் போய் நின்றிருந்தால் அரங்கம் என்றே சொல்லியிருக்க மாட்டீர்கள். வளைவுகளுக்குள் வீடுகள், இருக்கைகள் இருந்த சரிவின் மேல் வீடுகள், நடுக்களத்தில் வீடுகள், சந்துகள், ஒரு சிறு சதுக்கம், இரண்டு சிறு தேவாலயங்கள். வீடுகள் மட்டும் 200க்கு மேல். 212 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1825இல் நகராட்சி இவற்றையெல்லாம் கையகப்படுத்தி இடிக்கத் தொடங்கியது.

இந்தக் கட்டுரை அந்த முடிவைப் பற்றியது. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்தை 19ஆம் நூற்றாண்டு வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் அதற்குள் குடியிருந்தவர்கள்தான். கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெளியேற்றப்பட்டவர்களும் அவர்கள்தான். இடித்தது தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல வரவில்லை, இடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இத்தாலியில் ஒரு உதாரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் சுற்றுலாக் கையேடுகள் இந்த 1,200 வருடக் குடியிருப்பைக் கட்டடத்துக்குப் பிடித்த நோய் மாதிரி ஒரே வரியில் கடந்து போவது எனக்கு ஒப்பவில்லை.

கட்டிய கதை

ஆர்ல் பெரிய ஊரானதற்கு ஒரு போரில் சரியான பக்கத்தில் நின்றதுதான் காரணம். கி.மு. 49இல் சீசருக்கும் பொம்பேயுக்கும் சண்டை வந்தபோது, பக்கத்தில் இருந்த பணக்காரத் துறைமுகமான மார்செய் பொம்பேயின் பக்கம் போனது. மார்செயை முற்றுகையிடச் சீசருக்குக் கப்பல் தேவைப்பட்டது. ஆர்ல் 30 நாட்களில் 12 போர்க் கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது. மார்செய் விழுந்தது, அதன் நிலங்களில் பெரும்பகுதி ஆர்லுக்குப் போனது, கி.மு. 46இல் ஆறாவது லெஜியன் என்ற படைப்பிரிவின் ஓய்வுபெற்ற வீரர்களைக் குடியேற்றி ஆர்லை ரோமானியக் குடியேற்ற நகரமாக்கினார்கள். அன்றைக்கு அதன் பெயர் அரெலாத்தே. கடலுக்கும் ரோன் பள்ளத்தாக்குக்கும் நடுவே சரக்கு மாற்றும் இடம் என்பதால் காசும் வந்தது.

காசு வந்த ரோமானிய ஊர் என்ன செய்யுமோ அதைச் செய்தது. முதலில் பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் ஒரு நாடக அரங்கு. அப்புறம் கி.பி. 90ஐ ஒட்டி, டொமிஷியன் பேரரசனாக இருந்த காலத்தில், ஆம்ஃபிதியேட்டர். கடைசியாக 149இல் தேர்ப் பந்தயக் களம். அதன் அடியில் அடித்திருந்த மரத்தூண்களின் ஆண்டு வளையங்களை எண்ணித்தான் இந்த வருடத்தைக் கண்டுபிடித்தார்கள். மூன்றும் ஒரே ஊரில், மூன்றும் பொழுதுபோக்குக்காக. இந்த மூன்றுக்கும் பின்னாளில் நேர்ந்த கதி வேறு வேறு, அதுதான் இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் அரங்கத்தை முடித்துவிடுவோம்.

ரோமில் கொலோசியம் திறந்தது கி.பி. 80இல். பத்தே வருடத்தில் அந்த மாதிரியை மாகாணத்தில் சின்னதாகக் கட்டிப் பார்த்தது போல இருக்கிறது ஆர்ல். கொலோசியம் 188 மீட்டர் நீளம், இது 136 மீட்டர், அகலம் 107. ஒவ்வொரு அடுக்கிலும் 60 வளைவுகள், உயரம் 21 மீட்டர். வளைவுகளுக்கு மேல் ஒரு தலைக்கட்டு வரிசை இருந்திருக்க வேண்டும், அது போய்விட்டது. சுமார் 20,000 பேர் உட்காரலாம். இன்று ஆர்லின் மொத்த மக்கள்தொகையே 50,000 பக்கம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் ஆள் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

கட்டுவதற்கு இடம் கிடைப்பதே சிரமமாக இருந்திருக்கிறது. ஊரின் உயரமான மேட்டில், அகஸ்டஸ் காலத்து மதிலின் ஒரு பகுதியை இடித்துத்தான் இதை நிறுத்தினார்கள். தெருக்களின் கட்டம் ஒரு திசையில் போனால் அரங்கம் சாய்வாக வேறு திசையில் கிடக்கிறது. கூரை போடுவதிலும் ஒரு விசேஷம்: பக்கத்து நகரமான நீமில் இருக்கும் இதன் இரட்டைப் பிறவி போன்ற அரங்கத்தில் வெளிச்சுற்று நடைபாதைக்கு வில்வளைவுக் கூரை போட்டிருக்கிறார்கள், ஆர்லில் பெரிய பெரிய கற்பலகைகளை மட்டமாகப் படுக்கவைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் இந்த எடையை எப்படி மேலே ஏற்றினார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

களத்தைப் பற்றியும் ஒரு தகவல். இன்று ஆட்கள் நடக்கும் தரை ரோமானியர் காலத் தரை இல்லை. அன்று இதற்குச் சுமார் 2 மீட்டர் மேலே, சுற்றுச்சுவரின் விளிம்பில் தாங்கி நிற்கும்படி மரத்தளம் போட்டு, அதன் மேல் மணல் பரப்பியிருந்தார்கள். தளத்துக்குக் கீழே இருந்த இடம் மிருகங்களுக்கும் எந்திரங்களுக்கும். மரம் மக்கிப் போனதால்தான் இன்று சுற்றுச்சுவர் தேவைக்கு மேல் உயரமாகத் தெரிகிறது.

மூன்று கட்டடம், மூன்று கதி

ரோமானிய மேற்குப் பேரரசு சரிந்த காலத்தில் ஆர்ல் உடனே சுருங்கிவிடவில்லை, விசித்திரமாக அப்போதுதான் அதன் மதிப்பு கூடியது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல் நாட்டு (இன்றைய பிரான்சும் சுற்றுப்பகுதிகளும்) நிர்வாகத் தலைமையகம் வடக்கே, இன்றைய ஜெர்மனியில் இருக்கும் த்ரியரிலிருந்து இங்கே மாறியது. 461இல் பேரரசன் மஜோரியன் இங்கே வந்து தேர்ப் பந்தயம் பார்த்திருக்கிறான். பிறகு விசிகோத்துகள், 508ஐ ஒட்டி ஆஸ்திரகோத்துகள், 536இல் பிராங்குகள் என்று வெவ்வேறு ஜெர்மானிய இனக்குழுக்களிடம் ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. 502 முதல் 542 வரை பிஷப்பாக இருந்த சிசேரியஸ் தன் பிரசங்கங்களில் இந்தக் காட்சி விளையாட்டுகளைத் திட்டித் தீர்க்கிறார். இவ்வளவு திட்டுகிறார் என்றால் கூட்டம் இன்னும் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

சரி, மூன்று கட்டடங்களுக்கு வருவோம்.

நாடக அரங்கு முதலில் போனது. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில், பிஷப் ஹிலாரியின் காலத்தில், கிரில் என்ற திருத்தொண்டர் தேவாலயங்கள் கட்டுவதற்காக நாடக அரங்கின் சலவைக் கற்களைப் பெயர்த்து எடுத்தார். அப்படி எடுக்கும்போது ஒரு கல் விழுந்து அவர் கால் நசுங்கியது, பிஷப்பின் அருளால் குணமானது என்று ஹிலாரியின் வாழ்க்கைக் கதையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அற்புதத்தைச் சொல்ல வந்த கதை, போகிற போக்கில் ஒரு கட்டடம் எப்படிக் கல் குவாரி ஆனது என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறது. இன்று அந்த அரங்கில் மேடைச் சுவருக்கு முன் முழுசாக நிற்பவை இரண்டே தூண்கள். வெளிச்சுவரில் ஒரே ஒரு இடம் மட்டும் மூன்று அடுக்கு உயரத்துக்கு நிற்கிறது, ரோலான் கோபுரம் என்று பெயர். அது மட்டும் ஏன் நின்றது? இடைக்காலத்தில் அதை நகர மதிலின் கோபுரமாகச் சேர்த்துக்கொண்டார்கள். வேலை கொடுக்கப்பட்ட பகுதி பிழைத்தது, மீதி சுவர்களுக்குள் போனது.

தேர்க் களம் 450 மீட்டர் நீளம், ஊர் மதிலுக்கு வெளியே ஆற்றோரம். இதிலும் ஆட்கள் குடியிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 5ஆம் நூற்றாண்டில் வெளிச்சுவரின் முட்டுச்சுவர்களுக்கு இடையே இருந்த இடைவெளிகளில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டியிருந்தது அகழாய்வில் தெரிந்தது. பிராங்கு அரசர்கள் இங்கே குதிரைப் பந்தயம் பார்ப்பதாக பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எரிச்சலோடு எழுதுகிறார். அப்படி இருந்தும் 6ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இதன் கற்களைக் கழற்றத் தொடங்கி, கடைசியில் தரைமட்டமாக்கிவிட்டார்கள். நடுவில் நின்ற ஒற்றைக்கல் தூண் மட்டும் மண்ணுக்குள் கிடந்து, 1676இல் நகர மன்றத்துக்கு முன்னால் நிறுத்தப்பட்டு, இப்போதும் அங்கேயே நிற்கிறது.

அதனால் 'மக்கள் குடியிருந்தால் கட்டடம் பிழைக்கும்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தேர்க் களத்திலும் மக்கள் இருந்தார்கள். ஆனால் அது காவலில்லாத வெளியிடம், ஆபத்து வந்தால் விட்டுவிட்டு ஓட வேண்டிய இடம். ஆம்ஃபிதியேட்டரோ மேட்டின் மேல், சுற்றிலும் பல மீட்டர் தடிமனில் கல். 60 வளைவுகளை அடைத்துவிட்டால் அதுவே கோட்டை. ஆர்ல் மக்கள் அதைத்தான் செய்தார்கள். அதன் கல்லைக் கழற்றுவது தங்கள் மதிலைத் தாங்களே இடிப்பது என்று ஆனதும் குவாரி வேலை நின்றுவிட்டது.

கோட்டைக்குள் ஊர்

எப்போது தொடங்கியது என்றால், 5ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 6ஆம் நூற்றாண்டிலும் என்று வைத்துக்கொள்ளலாம். 8ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகளும், அவர்களைத் துரத்திக்கொண்டு பிராங்குத் தலைவர் சார்ல் மார்த்தெலின் படைகளும் இந்தப் பக்கம் வந்தபோது கோட்டைக்குத் தேவை இன்னும் கூடியது. இடைக்காலத்தில் நான்கு பக்கமும் நான்கு கோபுரங்கள் எழுப்பினார்கள். நேராக ரோமானிய வளைவுகளின் தலையில் ஏற்றிக் கட்டிய சதுரக் கோபுரங்கள். மூன்று இன்றும் இருக்கின்றன.

வீடு கட்டுகிறவன் கண்ணால் இந்தக் கட்டடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். நடுவிலிருந்து வெளியே விரியும் குறுக்குச் சுவர்கள் சில மீட்டருக்கு ஒன்று. இரண்டு குறுக்குச் சுவருக்கு நடுவே ஒரு குடும்பம். இரண்டு பக்கச் சுவரும் தலைக்கு மேல் கூரையும் ரெடி. முன்பக்கம் ஒரு சுவர் எழுப்பிக் கதவும் சன்னலும் வைத்தால் வீடு. மேல் அடுக்கில் இன்னொரு குடும்பம். இருக்கைப் படிகளின் கற்கள் கட்டுமானத்துக்குக் கையெட்டும் தூரத்தில் கிடந்தன. களத்தில் காலி மனை. குறுக்குச் சுவர்களும் நடைபாதைகளும் குடித்தனத்துக்குத் தேவைப்பட்டதால் நின்றன. படி இருக்கைகள் யாருக்கும் தேவைப்படாததால் கரைந்தன. இன்று அங்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: கட்டடத்தின் எலும்புக்கூடு அற்புதமாக இருக்கிறது, ஆனால் உட்கார்வது பெரும்பாலும் பின்னால் செய்த இருக்கைகளில்தான்.

இது ஆர்லுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. நீம் அரங்கத்தை விசிகோத்துகள் கோட்டையாக்கினார்கள், அதற்குள்ளும் ஒரு குடியிருப்பு இருந்தது. பழைய கற்கட்டடங்களை வைத்துக்கொண்டு அடுத்த வேளையைப் பார்த்த சனங்கள் மத்தியதரைக் கடலைச் சுற்றி எல்லா இடத்திலும் இருந்தார்கள். ஆர்லில் அது அதிக காலம் நீடித்தது, அவ்வளவுதான்.

17ஆம் நூற்றாண்டு ஓவியப் பதிவுகளில் பார்த்தால் ஒரு நீள்வட்ட மதிலுக்குள் கூரைகள் அடுக்கியிருக்கின்றன, கோபுரங்கள் தலைநீட்டுகின்றன. அதற்குள் படையெடுப்புக் காலம் முடிந்திருந்தது. கோட்டை தேவைப்படாத காலத்தில் கோட்டைக்குள் இருப்பது வசதியில்லாதவர்களின் வேலை. வசதி உள்ளவர்கள் காற்றோட்டமான வீடுகளுக்குப் போய்விட்டார்கள், உள்ளே மிஞ்சியது ஏழை மக்கள், ஊரார் முகம் சுளிக்கும் ஒரு பகுதி என்று பெயர் வாங்கிவிட்டது. இடிக்கும் முடிவுக்கு இந்தப் பெயர் எவ்வளவு உதவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பணக்காரர்களின் மாளிகைகள் அந்த வளைவுகளில் இருந்திருந்தால் நகராட்சிக்கு ரோமானியக் கலை மேல் அவ்வளவு சீக்கிரம் பாசம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

1825

மேயர் பெயர் லொஜியே த ஷார்த்ரூஸ், பாரன் பட்டம் உள்ளவர். பறவைப் பித்து பிடித்த மனிதர். டச்சு இயற்கையியலாளர் தெம்மிங்க்குடன் சேர்ந்து பறவைகளின் வண்ணப் படத் தொகுப்பை வெளியிட்டவர் என்ற வகையில் பறவையியலாளர்களுக்குத் தெரிந்த பெயர். அரங்கத்துக்குள் இருந்த வீடுகளை அப்புறப்படுத்தும் வேலை இவர் காலத்தில்தான் உருப்படியாக நடந்தது.

காரணங்கள் பல. பிரான்சில் பழைய நினைவுச் சின்னங்கள் மேல் அக்கறை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. நீம் நகரம் தன் அரங்கத்தை ஏற்கெனவே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, காலி செய்துவிட்டது. பக்கத்து ஊர் செய்துவிட்டால் நாம் சும்மா இருக்க முடியுமா. ஏழைகளின் நெருக்கடியான குடியிருப்பை ஊரின் நடுமேட்டிலிருந்து அகற்றும் வசதியும் அதோடு சேர்ந்து வந்தது. வீடுகளை ஒவ்வொன்றாகக் கையகப்படுத்தி, இடித்து, சேர்ந்திருந்த மண்ணையும் இடிபாட்டையும் வெளியேற்றினார்கள். தேவாலயங்களும் போயின. 1830இல் உள்ளே கூட்டம் கூட்டும் அளவுக்கு இடம் தெளிந்துவிட்டது.

அந்த வருடம் முதல் பெரிய கூட்டம் எதற்குக் கூடியது தெரியுமா? பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரத்தைப் பிடித்ததைக் கொண்டாடக் காளை விளையாட்டு. ரோமானியர் கட்டிய அரங்கத்தை ரோமானியர் போலவே, வெளிநாட்டு வெற்றியைக் கொண்டாட மிருகங்களை இறக்கி, மறுபடி திறந்து வைத்தார்கள். இதைத் திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. 1840இல் பிரான்ஸ் அரசு, எழுத்தாளரும் நினைவுச் சின்னங்களின் ஆய்வாளருமான மெரிமேயின் மேற்பார்வையில் முதல் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலை வெளியிட்டபோது ஆர்ல் அரங்கமும் அதில் இருந்தது.

இப்போது என் குறைக்கு வருகிறேன். இடித்தவர்கள் எல்லாவற்றையும் இடிக்கவில்லை. இடைக்காலக் கோபுரங்கள் மூன்றை விட்டுவிட்டார்கள். அவை ரோமானியர் கட்டியவை இல்லை என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். ரோமானிய வடிவத்தை மீட்பதுதான் நோக்கம் என்றால் அவையும் போயிருக்க வேண்டும். கோபுரம் அழகாக இருக்கிறது, போர்க்களம், வீரம் என்று ஒரு கதை சொல்கிறது, அதனால் இருக்கட்டும். அடுப்பும் துணிக்கொடியும் இருந்த வீடு எந்தப் பெருமையான கதையும் சொல்லவில்லை, அதனால் போகட்டும். ஒன்றிரண்டு வளைவுகளிலாவது வீடுகளை அப்படியே விட்டிருந்தால், இந்தக் கட்டடத்தின் ஆயுளில் பாதிக்கு மேல் எப்படிக் கழிந்தது என்று நேரில் பார்க்க முடிந்திருக்கும். ரோமானியர் அதை அரங்கமாகப் பயன்படுத்தியது சுமார் 400 வருடம். வீடாக இருந்தது அதைப் போல மூன்று மடங்கு.

இத்தாலியில் அதே காலத்தில் எடுத்த எதிர் முடிவு

இடிக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு லூக்கா நகரம் பதில். டஸ்கனியில் இருக்கும் அந்த ஊரிலும் ரோமானிய ஆம்ஃபிதியேட்டர் ஒன்று இருந்தது, அதன் மேலும் இடைக்கால வீடுகள் ஏறியிருந்தன. 1830இல், ஆர்ல் கூட்டம் கூட்டிய அதே வருடம், லொரென்சோ நொத்தோலினி என்ற கட்டடக் கலைஞர் அங்கே வேலை தொடங்கினார். அவர் நடுக்களத்தில் இருந்த கட்டடங்களை மட்டும் அகற்றினார். சுற்றிலும் இருக்கைச் சரிவின் மேல் கட்டியிருந்த வீடுகளைத் தொடவில்லை. கிடைத்தது ஒரு நீள்வட்டச் சதுக்கம், சுற்றிலும் மஞ்சள் பூசிய வீடுகள், உள்ளே போக வளைவு வாசல்கள். ரோமானியக் கல் வெளிப்பக்கச் சுவர்களில் அங்கங்கே எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆனால் இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், கீழே காபிக் கடை இருக்கிறது.

எது மேல்? ரோமானியக் கட்டுமானத்தைப் படிக்க வேண்டும் என்றால் சந்தேகமே இல்லாமல் ஆர்ல். நடைபாதைகள், படிக்கட்டுகள், 20,000 பேரைச் சட்டென்று வெளியேற்றும் வழிகள் எல்லாவற்றையும் ஆர்லில் நடந்து பார்க்கலாம். லூக்காவில் அதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டடம் 2,000 வருடம் எப்படி வாழ்ந்தது என்று பார்க்க வேண்டும் என்றால் எனக்கு லூக்காதான். ஆர்லில் எடுத்த முடிவைத் திருப்ப முடியாது, லூக்காவில் எடுத்த முடிவை நாளைக்குக்கூட மாற்றலாம். பழைய கட்டடங்களில் கை வைக்கிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்துக்காகவாவது லூக்காவைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

காளைகள்

ஆர்லின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு: காலி செய்த பிறகு அரங்கம் கண்காட்சிப் பொருளாக நின்றுவிடவில்லை, மறுபடி வேலைக்குப் போனது. ஆர்ல் நகராட்சியின் எல்லை சுமார் 759 சதுர கிலோமீட்டர், பெருநில பிரான்சிலேயே பரப்பில் பெரிய நகராட்சி. கமார்க் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. அங்கேதான் சிறிய உடலும் மேல்நோக்கி வளைந்த கொம்பும் கொண்ட கருப்பு மாடுகள் வளர்கின்றன.

இங்கே நடக்கும் கமார்க் விளையாட்டு நம் ஆட்களுக்கு உடனே புரியும். மாட்டின் கொம்புகளுக்கு இடையே சிவப்பு நாடா, கொம்பின் அடியில் குஞ்சமும் நூலும் கட்டி விடுவார்கள். வெள்ளை உடை போட்ட வீரர்கள் கையில் ஒரு சின்னக் கொக்கியோடு ஓடி அவற்றை அறுத்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பரிசுத் தொகை, நேரம் ஆக ஆக அது ஏறும். திமிலைப் பிடித்துத் தொங்குவதெல்லாம் இல்லை, எட்டிப் பறித்துவிட்டுத் தடுப்பைத் தாண்டிக் குதிப்பதுதான். ஒரு மாடு 15 நிமிடம் களத்தில் இருக்கும், அப்புறம் மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். சுவரொட்டியில் மனிதர்களைவிட மாட்டின் பெயருக்குத்தான் மரியாதை அதிகம். இந்த விளையாட்டின் பெரிய போட்டியான தங்க நாடா ஆர்ல் அரங்கத்தில் 1928 முதல் நடக்கிறது, ஜூலை முதல் திங்கட்கிழமை.

இன்னொன்று ஸ்பானிய முறை, மாட்டைக் கொல்லும் முறை. ஈஸ்டர் திருவிழாவிலும் செப்டம்பரில் நெல் திருவிழாவிலும் அது நடக்கும். ஆமாம், கமார்க்கில் நெல் விளைகிறது. மிருகவதைக்குத் தண்டனை விதிக்கும் பிரெஞ்சுச் சட்டமே, இடைவெளி இல்லாத உள்ளூர் மரபு இருக்கும் இடங்களில் மட்டும் இதற்கு விலக்கு தருகிறது. 2012இல் அரசியலமைப்பு மன்றம் அந்த விலக்கு செல்லும் என்றது; 2022 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த தடை மசோதா வாக்கெடுப்புக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது. எனக்கு அதைப் பார்க்க மனம் இல்லை. 'இடைவெளி இல்லாத மரபு' என்ற வாதத்துக்கு இந்த அரங்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவதும் சரிப்படாது, ஏனென்றால் நடுவில் 1,200 வருடம் இங்கே நடந்தது சமையல்தான்.

1888 பிப்ரவரியில் ஆர்லுக்கு வந்த வான் கோ அந்த வருடக் கடைசியில் இந்த அரங்கத்தைத் தீட்டினார். அந்தப் படத்தில் மாடு தூரத்தில் எங்கேயோ சின்னதாக இருக்கிறது, கேன்வாஸ் முழுக்கப் படிகளில் நெருக்கியடித்த சனங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது

1981இல் ஆர்லின் ரோமானிய கட்டடங்களும், ரோமானெஸ்க் என்ற இடைக்காலப் பாணிக் கட்டடங்களும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அரங்கத்தின் பெரிய எதிரி இப்போது கல்லின் இயல்புதான். இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் செதுக்க வசதியானது, அதே காரணத்தால் மழைக்கும் வடக்கிலிருந்து பலமாக வீசும் மிஸ்த்ரால் காற்றுக்கும் கரைகிறது. அரித்துப் போன கற்களை எடுத்துவிட்டுப் புதுக் கல் வைக்கிறார்கள். சீரமைத்த பகுதி வெளிறிப் பளிச்சென்றும், சீரமைக்காத பகுதி கருத்தும் நிற்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பரவாயில்லை, எது பழசு எது புதுசு என்றாவது தெரிகிறது. பார்வையாளர் உட்கார இரும்புச் சட்டத்தின் மேல் போட்ட இருக்கைகளைப் பற்றியும் புகார் வரும். கழற்றி எடுக்கக்கூடியதைக் கழற்ற முடியாததன் மேல் வைப்பதுதான் இருப்பதில் நல்ல வழி. கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கிளாடியேட்டர் சண்டை நடித்தும் காட்டுகிறார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

2021இல் ஊரின் இன்னொரு முனையில் லூமா என்ற கலை வளாகத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஒரு உலோகக் கோபுரம் திறந்தது. அதன் அடிப்பகுதியில் இருக்கும் பெரிய கண்ணாடி வட்டம் இந்த அரங்கத்தின் வடிவத்தை நினைத்துச் செய்தது. உள்ளூரில் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ரசிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆர்லுக்குப் போகிறவர்கள் அரங்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ஆற்றோரத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போய், பக்கத்தில் தேர்க் களத்தில் மிஞ்சியிருக்கும் அடித்தளக் கோடுகளைப் பாருங்கள். அடுத்து நாடக அரங்கு, ரோலான் கோபுரம். கடைசியாக ஆம்ஃபிதியேட்டருக்கு வந்து, வாசலுக்கு மேல் இருக்கும் இடைக்காலக் கோபுரத்தில் ஏறுங்கள். அங்கிருந்து ஒரு பக்கம் ரோன் ஆறும் ஊர்க் கூரைகளும், இன்னொரு பக்கம் காலிக் களமும் தெரியும். களத்தைப் பார்க்கும்போது 212 கூரைகளை அதற்குள் போட்டுப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம் என்று அப்போதுதான் பிடிபடும்.